பழைய புல்லட்டுக்குப் புது சைலன்சர்: 24 பயனுள்ள குறிப்புகள்

திருவனந்தபுரத்தில் கரமனை, வலியசாலை, கோட்டைப் பக்கம் பழைய வீட்டு வாசல்களில் இன்றும் கே.எல்.டி. நம்பர் போட்ட புல்லட் நிற்பதைப் பார்க்கலாம். அப்பா ஓட்டியது, மாமா விட்டுப்போனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கும். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் கைகோத்துத் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் செய்த வண்டி இது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. நீண்ட ஸ்ட்ரோக்கும் கனத்த ஃப்ளைவீலும் சேர்ந்துதான் அந்த நிதானமான துடிப்பைத் தருகின்றன.

இன்ஜின் தலைமுறை தாண்டி உழைக்கும். சைலன்சர் அப்படி இல்லை. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலமும் உப்புக் காற்றும் உள்ள இந்த ஊரில் அது சீக்கிரமே ஓட்டை விழும். கம்பெனிச் சாமான் கிடைக்காதபோது வெளிச் சைலன்சர் வாங்குகிறோம், அல்லது பட்டறையில் செய்துகொள்கிறோம். அப்போது பலரும் சத்தம் கூடினால் சக்தியும் கூடும் என்று நம்பிவிடுகிறார்கள். அது சரியல்ல. பழைய ஒற்றை சிலிண்டருக்கு நல்ல சைலன்சர் என்பது புகையைத் தடையில்லாமல் வெளியே விட்டு, சத்தத்தை உள்ளேயே அடக்கி, எந்த இடத்திலும் இழுபடாமல் உட்கார்ந்திருப்பது. அதை வாங்கவும், மாட்டவும், காப்பாற்றவும் இதோ சில குறிப்புகள்.

வாங்கும் முன்

1. முதலில் இன்ஜினைப் பாருங்கள். வெடிச்சத்தம், சூடு, இழுவைக் குறைவு எல்லாவற்றுக்கும் சைலன்சர் காரணமாக இருக்காது. வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது டேப்பெட் மூடியைத் திறந்து, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் புஷ்ராடை விரலால் சுழற்றுங்கள். லேசாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இவை சரியான பிறகும் குறை இருந்தால் சைலன்சருக்கு வாருங்கள்.

2. சட்டம் தெரிந்து வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியைக் கம்பெனி வடிவத்திலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துப் போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று இந்தத் தடையை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 182-ஏ பிரிவு இடம் தருகிறது. சத்தம், புகை வரம்பை மீறினால் 190-வது பிரிவு: முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸும் போகும். ஆகவே ஒரிஜினலின் அளவுக்கும் சத்தத்துக்கும் ஒத்த மாற்றையே தேடுங்கள். சந்தேகம் இருந்தால் வாங்கும் முன்பே ஆர்.டி. ஆபீசில் எழுத்துமூலம் கேட்டுவிடுவது நல்லது.

3. சைலன்சருக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 120, சத்தத்தை இயன்றவரை குறைக்கும் கருவி ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்கிறது. வாய் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளி நேராக மறுமுனைக்குப் போய், உள்ளே துளையிட்ட குழாயோ தடுப்புத் தகடோ எதுவும் தெரியவில்லை என்றால், அது வெறும் குழாய்தான். எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். 175 சிசிக்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிகளுக்கு ஆலையில் நடக்கும் சோதனைக்கு வைத்திருக்கும் வரம்பு 80 டெசிபல். கடைக்காரரிடம் சோதனைச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

4. உலோகம் அறிந்து வாங்குங்கள். சாதா இரும்பில் குரோம் பூசியது பார்க்கப் பழைய வண்டிக்குப் பொருத்தமாக இருக்கும், ஆனால் உள்பக்கத்திலிருந்து துருப்பிடிக்கும். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடலோரத்துக்கு நல்லது. காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்: மலிவான 202 வகையிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. காந்தம் ஒட்டும் 409 வகையோ கார் கம்பெனிகளே புகைக்குழாய்க்குப் பயன்படுத்தும் நல்ல உலோகம். எந்த வகை என்று பில்லில் எழுதி வாங்குவதுதான் வழி.

5. கண்ணளவு போதாது, வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். ஹெட்டையும் சைலன்சரையும் இணைக்கும் பெண்ட் பைப்பின் வெளி விட்டம், சைலன்சர் கழுத்தின் உள் விட்டம், பின் பிராக்கெட் ஓட்டைக்கும் கழுத்துக்கும் உள்ள தூரம், இந்த மூன்றையும் தாளில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கழுத்து தளர்வாக இருந்தால் கிளாம்பை இறுக்கிச் சமாளிக்க நினைக்காதீர்கள். லேத்தில் ஒரு ஸ்லீவ் கடைந்து போட்டால் கசிவு இருக்காது.

6. பெண்ட் பைப்பைப் பட்டறையில் வளைப்பதானால் மணல் நிரப்பி வளைக்கச் சொல்லுங்கள். குழாய்க்குள் சலித்த மணலைக் கொட்டி, தட்டித் தட்டி இறுக்கி, இரண்டு முனையையும் அடைத்து, வளைய வேண்டிய இடத்தை மட்டும் சிவக்கச் சூடாக்கி மெல்ல வளைப்பார்கள். மணல் உள்ளிருந்து தாங்குவதால் வளைவின் உட்பக்கம் நசுங்காது, சுருக்கமும் விழாது. நசுங்கிய வளைவு புகையின் வழியைக் குறுக்கிவிடும். ஒன்று முக்கியம்: மணல் முற்றிலும் காய்ந்திருக்க வேண்டும். ஈர மணலைச் சூடாக்கினால் நீராவி உருவாகி அடைப்பு வெடித்துத் தெறிக்கும். மழை நாளில் மணலை வாணலியில் வறுத்த பிறகே நிரப்ப வேண்டும்.

7. ஜாவா, யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் சைலன்சரின் நீளமும் வயிற்றின் வடிவமும் இன்ஜினின் ஒரு பாகம் போலவே வேலை செய்கின்றன. திரும்பி வரும் அழுத்த அலைதான் எரியாத பெட்ரோல் வெளியே ஓடிவிடாமல் தடுக்கிறது. வேறு வண்டியின் குழாயை வெட்டி ஒட்டினால் இழுவை போய்விடும். பெரும்பாலும் புதுச் சைலன்சரே தேவைப்படாது. உள்ளே இருக்கும் தடுப்பைக் கழற்றி, எண்ணெய்க் கரியைச் சுரண்டினாலே பழைய ஓட்டம் திரும்பும்.

கழற்றும்போது

8. துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை எல்லா நட்டிலும் விட்டுவையுங்கள். காலையில் அரைச் சுற்று தளர்த்தி, கால் சுற்று திரும்ப இறுக்கி, மறுபடி எண்ணெய் விட்டு மெதுவாக எடுங்கள். ஸ்டட் உள்ள ஹெட்டில் ஸ்டட் முறிந்தால், அதைத் துளைத்து எடுக்கும் செலவு சைலன்சர் விலையையே தாண்டலாம்.

9. பழைய கேஸ்கெட்டை உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். பழைய வண்டிகளின் கேஸ்கெட்டிலும் பாக்கிங் கயிற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்துக்கூடக் கொடிய நோய் வரும். தண்ணீர் தெளித்து நனைத்து, நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு எடுங்கள். கம்ப்ரசர் காற்று அடித்து ஊதவே கூடாது. எடுத்ததை ஈரத்தோடு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பழைய சைலன்சரின் கண்ணாடிப் பஞ்சைத் தொடும்போதும் கையுறையும் மாஸ்க்கும் வேண்டும்.

10. ஹெட்டில் உள்ள புகைவாயைச் சுத்தம் செய்யுங்கள். பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் பெண்ட் பைப் இந்த வாய்க்குள் நேரே சொருகி நிற்பது. பழைய கரியும் காய்ந்த பேஸ்ட்டும் உள்ளே இருந்தால் புதுக் குழாய் முழு ஆழத்துக்குப் போகாது. பிஸ்டனை மேலே கொண்டுவந்து எக்ஸாஸ்ட் வால்வு மூடியிருக்கும்படி வைத்து, வாய்க்குள் துணியைத் திணித்துவிட்டுச் சுரண்டுங்கள். முடிந்ததும் துணியை எடுக்க மறக்காதீர்கள்.

11. பழைய சைலன்சரைக் காயலான் கடையில் போடாதீர்கள். ஓட்டை விழுந்திருந்தாலும் அதுதான் அளவுக்கு மூலப்பிரதி. உள்ளே கொஞ்சம் எண்ணெய் ஊற்றிச் சுழற்றி, இரண்டு வாயையும் கட்டி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். 2021-ல் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். அதற்கு வண்டி அசல் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது, கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே எடுக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பொருத்தும்போது

12. ஒன்றையும் இறுக்காமல் முதலில் எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள். முதலில் ஹெட், பிறகு பெண்ட் பைப் ஸ்டே, சைலன்சர் கழுத்து, கடைசியாகப் பின் பிராக்கெட். எல்லா நட்டும் விரல் இறுக்கத்திலேயே இருக்கட்டும். குழாய் தானாக உட்கார்ந்த பிறகு அதே வரிசையில், ஹெட்டிலிருந்து பின்பக்கமாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். பின்னால் இருந்து தொடங்கினால் குழாய் வாயிலிருந்து இழுபட்டுக் கசியும்.

13. ஓட்டை சேரவில்லை என்றால் குழாயை நெம்பாதீர்கள். போல்ட்டை இறுக்கினால் தானாகச் சேர்ந்துவிடும் என்று சில பட்டறையில் சொல்வார்கள். அப்படி வலிந்து இழுத்த குழாய், ஒற்றை சிலிண்டரின் அதிர்வில் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். இடைவெளியை வாஷர் அல்லது ஸ்பேசர் கொடுத்து நிரப்புங்கள். பெரிய வித்தியாசம் என்றால் பிராக்கெட்டையே புதிதாகச் செய்யச் சொல்லுங்கள்.

14. பின் பிராக்கெட்டில் ரப்பர் புஷ் கட்டாயம் வேண்டும். இன்ஜின் சூட்டில் குழாய் நீளும், அதிர்வில் ஆடும். ரப்பர் இந்த இரண்டுக்கும் இடம் கொடுக்கும். புஷ்ஷுக்குள் இரும்பு ஸ்லீவ் போட்டால் போல்ட்டை முழுதாக இறுக்கினாலும் ரப்பர் நசுங்காது. நைலான் லாக் நட்டைப் பின் பிராக்கெட்டில் போடலாம். புகைவாய்ப் பக்கம் வேண்டாம், சூட்டில் நைலான் உருகிவிடும்.

15. எல்லாப் பக்கமும் இடம் இருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். பழைய புல்லட்டில் சைலன்சர், கியர், கிக்கர் எல்லாம் வலப்பக்கமே. கிக்கரை முழுச் சுற்று அழுத்துங்கள், கியரை எல்லா நிலைக்கும் மாற்றுங்கள், மெயின் ஸ்டாண்டை ஏற்றி இறக்குங்கள். பின் சக்கர ஆக்சிலைச் சைலன்சர் மறைக்கிறதா என்று பாருங்கள். மறைத்தால் பஞ்சர் ஆகும் நாளில் வழியில் தவிக்க நேரிடும். கடைசியாக இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து வண்டியை அமுக்கிப் பாருங்கள். பின்னால் உட்காருபவரின் காலில் சூடு படுமானால் தடுப்புத் தகடு போட்டுவிடுங்கள்.

16. வெல்டிங்கை வண்டியில் வைத்து முடிக்காதீர்கள். இடத்தைக் குறிக்கப் புள்ளி வெல்டு மட்டும் வண்டியில் வைக்கலாம். அதற்கும் முன்பாக பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூர வைத்து, பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். முழு வெல்டிங்கைக் கழற்றிக் கீழே வைத்தே செய்யச் சொல்லுங்கள். ஆசான் அவசரப்பட்டாலும் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

17. சொருகு வாயில் சூடு தாங்கும் எக்ஸாஸ்ட் பேஸ்ட்டை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். ஸ்டட் உள்ள வண்டி என்றால் புதுக் கேஸ்கெட் போடுங்கள், பழையதைத் திருப்பிப் போட வேண்டாம். நட்டின் மரைகளில் செம்பு கிரீஸ் தடவினால் அடுத்த முறை முறியாமல் கழலும்.

18. ஸ்டார்ட் செய்யும் முன் குழாய் முழுவதையும் துடையுங்கள். தின்னர் அல்லது ஸ்பிரிட் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கையும் கைரேகையையும் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் முதல் சூட்டிலேயே அந்தக் கைத்தடம் குரோமில் கறையாகப் பதிந்துவிடும். பிறகு எந்தப் பாலீஷ் போட்டாலும் போகாது.

ஓட்டிப் பார்க்கும்போது

19. முதலில் கசிவு பாருங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன், தடித்த துணியைச் சுருட்டிச் சைலன்சர் வாயைச் சில விநாடி அடைத்துப் பிடியுங்கள். இன்ஜின் மூச்சு முட்டி அணையப் பார்த்தால் குழாய் இறுக்கமாக இருக்கிறது. ஏதோ ஒரு இணைப்பில் 'புஸ்' என்று சத்தம் வந்தால் அங்கே கசிவு. ஆக்சிலேட்டரை விடும்போது பட்பட்டென்று வெடிப்பதற்கும் இந்தக் கசிவுதான் பெரும்பாலும் காரணம்: வெளிக்காற்று உள்ளே புகுந்து, மீந்த பெட்ரோல் குழாய்க்குள் எரிகிறது. பலர் ரசிக்கும் அந்தச் சத்தம் உண்மையில் பழுதின் அறிகுறி.

20. கார்புரேட்டரைச் சரிசெய்யாமல் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். புகை எளிதாக வெளியேறும் சைலன்சர் போட்டால் காற்று கூடி, பெட்ரோல் விகிதம் குறையும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதும் அதே பக்கமே இழுக்கும். மிக்கார்ப் வகைக் கார்புரேட்டரில் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். முழு ஆக்சிலேட்டரில் திணறினால் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றாதீர்கள், எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

21. பிளக்கைப் படித்துப் பாருங்கள். சூடான இன்ஜினில் கொஞ்ச தூரம் சீரான வேகத்தில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. கரிப்பிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு வெளுப்பு என்றால் பெட்ரோல் குறைவு, இப்படியே ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும், பிஸ்டன் பிடிக்கும். 22 கொண்டை ஊசி வளைவு உள்ள பொன்முடி ஏற்றத்துக்கு இந்த நிலையில் வண்டியை எடுக்கவே கூடாது. பெண்ட் பைப் வாயருகே அடர்நீலமாக மாறுவதும் பெட்ரோல் குறைவையோ தாமதமான டைமிங்கையோ காட்டும். எல்லாம் சரியானதும் புகைச் சோதனை செய்து புதுச் சான்று வாங்குங்கள். 2000 மார்ச்சுக்கு முன் செய்த இரு சக்கர வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 4.5 சதவீதம்.

பிறகு பராமரிப்பு

22. சைலன்சரை உள்ளிருந்து தின்பது தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. சாலைத் தெருவுக்குப் போய்க் காய்கறி வாங்கித் திரும்பும் சின்ன ஓட்டத்தில் குழாய் முழுச்சூடு ஏறாது. ஆவி உள்ளேயே நீராகத் தங்கி, புகையின் அமிலத்தோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். சைலன்சரின் அடியில் கம்பெனி விட்டிருக்கும் சிறு துளையை அடைக்காதீர்கள், நீர் வடிய விட்ட வழி அது. சங்குமுகம், வலியதுறை, கோவளம் பக்கம் போய்வந்தால் குழாய் ஆறிய பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

23. தண்ணீர் தேங்கிய சாலையில் கவனமாக இருங்கள். பெருமழையில் தம்பானூரிலும் கிழக்கே கோட்டையிலும் வெள்ளம் நிற்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சைலன்சர் வாய் முழுகும் ஆழம் என்றால் இறங்காமல் சுற்றிப் போங்கள். வண்டி தண்ணீருக்குள் அணைந்துவிட்டால் அங்கேயே கிக்கரை மிதிக்காதீர்கள். தள்ளி வெளியே கொண்டுவந்து, பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக மிதித்து உள்ளே போன நீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

24. மாட்டி 50 கிலோமீட்டர் ஓடியதும், இன்ஜின் ஆறிய பிறகு எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள். சைலன்சரின் வகை, வாங்கிய தேதி, ஜெட் நம்பர், கிளிப் இருந்த பள்ளம், பிளக் நிறம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, பில்லோடு ஆர்.சி. புக்கின் பக்கத்தில் வையுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஓட்டும்போது மெடிக்கல் காலேஜ், ஜெனரல் ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றம் அருகே ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள். அமைதி மண்டலமாக அறிவித்த இடத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை சட்டமே அமைதி கேட்கிறது. பழைய புல்லட்டின் அழகு தெருவை அதிரவைப்பதில் இல்லை. ஐடிலில் நிற்கும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, தாழ்ந்த குரலில் கேட்டால் உங்கள் சைலன்சர் சரியாக அமைந்துவிட்டது என்று பொருள். அந்த அளவிலேயே அதை வைத்திருங்கள். இந்த நோட்டு கூட இருந்தால், அடுத்த தலைமுறையும் அதே அளவில் ஓட்டும்.